பிரேக்கை மிதித்தபடி ஜெபம் சொன்னவர்

நான் வண்டியைக் கிளப்பும் முன்னால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். "அப்பா மந்திரம் போடறாரு, வண்டி பறக்கப் போவுது" என்பான் சின்னவன். பெரியவள் ஒருநாள் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுவிட்டு, "இது சர்ச்ல சொல்றதாச்சேப்பா, நாம எப்போ மாறினோம்?" என்றாள்.

நாம் மாறவில்லை. அது ஒருவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி இத்தனை நாள் உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் அவர் இல்லை, நான்தான். நாளைக்குப் பெரியவள் புது ஸ்கூட்டரில் பைபாஸ் வழியாகத் தனியாக வாணியம்பாடி காலேஜுக்குப் போகிறாள். காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

அவர் ஆம்பூரில் நான் முன்பு வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியில் டிரைவர். பேரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அங்கே யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டிரைவர் என்றால் அவர், மற்றவர்கள் எல்லாம் லாரிக்காரர்கள். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறும் காலோடுதான் ஓட்டுவார். "செருப்பு போட்டா பெடல் பேசறது கேக்காதுப்பா" என்பார்.

அவரைப் போல் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. நாய்க்குப் பயம், ஏணிக்குப் பயம், தோல் சுழலும் பெரிய மர டிரம்முக்குப் பக்கத்தில் நடக்கப் பயம். பயப்படுவதைவிடப் பெரிய விஷயம், அதை வாய்விட்டுச் சொல்வார். டேனரியில் ஆம்பளைகள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கை போனாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். இவர் மட்டும் மழை தூறினால்கூட, "எனக்குப் பயமா இருக்கு, பத்து நிமிஷம் நின்னு போலாம்" என்பார். வாட்ச்மேன் அவரைக் கண்டதும் சும்மாவே "டிரைவர்ணா, பின்னாடி நாய்" என்பான். அவர் குதித்து விலகி, நாய் இல்லை என்று பார்த்துவிட்டு, "இல்லேன்னாலும் பாத்துக்கறது நல்லது" என்று சொல்லிக்கொண்டே போவார்.

இந்த ஆள் கையில்தான் முதலாளி இரண்டு ராட்சச வண்டிகளைக் கொடுத்திருந்தார்.

முதலாளிக்குப் பழைய கார்ப் பைத்தியம். ஒன்று அமெரிக்காவில் செய்தது, சிவப்பு. சென்னையில் ஏதோ பங்களாவில் கோழி அடைத்து வைத்திருந்த வண்டியை வாங்கி வந்தார். இன்னொன்று ஆஸ்திரேலியாவில் செய்தது, மஞ்சள். கப்பல் அதிகாரி ஒருவர் விட்டுப்போனதாம். இரண்டுக்கும் என்னைவிட வயது ஜாஸ்தி. இரண்டிலும் எட்டு சிலிண்டர் எஞ்ஜின். ஸ்டார்ட் பண்ணினால் ஷெட்டின் தகரம் அதிரும். எங்கள் வாயில் அவற்றுக்கு நாட்டின் பேரே பேராகிவிட்டது. "அமெரிக்காவை வெளியே எடுங்கணா", "ஆஸ்திரேலியாவுக்குக் காத்து கம்மி" என்றுதான் பேசுவோம். இரண்டுக்கும் சீட் கிழிந்திருந்ததால், எங்கள் டேனரித் தோலிலேயே புது உறை வெட்டும் வேலை எனக்கு வந்தது. டிரைவரோடு பழக்கமானது அப்படித்தான்.

எந்த வண்டி உசத்தி என்று டேனரி முழுக்க ஓயாத சண்டை. அமெரிக்காவுக்கு இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பார்க்கவே பாய்கிற மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவுக்கு நாலு கதவு, கல்யாணத்துக்குப் போகிற குடும்ப வண்டி மாதிரி சாதுவாக நிற்கும். எது வேகம், எது பலம் என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். கடைசியில் டிரைவரைக் கேட்பார்கள். அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"எது ஜாஸ்தி பயம் காட்டுதோ அதுதான் நல்ல வண்டி."

"அப்போ எது காட்டுது?"

"அமெரிக்கா கொம்பை ஆட்டிக்கிட்டு வர்ற மாடு. சத்தம் போடும், மழையில வாலை வீசும், பாத்த உடனே ஒதுங்கிடுவோம். அது யோக்கியம். ஆஸ்திரேலியா சிரிச்சுக்கினே போவும். அறுபதுல போறோம்னு நெனச்சுக்கினு இருப்போம், முள்ளு நூறைத் தாண்டியிருக்கும். அது ஊமை, அதைத்தான் என்னால நம்ப முடியல."

அவருடைய வழக்கம் ஒன்று உண்டு. வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டு, சர்ச்சில் சொல்கிற பரமண்டல ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகச் சொல்வார். ஆமென் வரும்வரை கால் எடுக்க மாட்டார். உயிர்ப் பயத்தில் சாமி கும்பிடுகிறார் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். ஒருநாள் கேட்டேன்.

"ஜெபம் ஜெபந்தான்" என்றார். "ஆனா அது கடிகாரமும். நல்ல பிரேக்கா இருந்தா பெடல் போன எடத்துலயே கல்லு மாதிரி நிக்கணும். எண்ணெ உள்ளுக்குள்ள கசிஞ்சா கொஞ்சங் கொஞ்சமா கீழ எறங்கும். சும்மா ஒரு மிதி மிதிச்சா தெரியாது, காத்திருக்கணும். மனுஷன் காத்திருக்க மாட்டான், அவசரப்படுவான். ஜெபத்துல அவசரப்பட எனக்குப் பயம். அதான் அதையே வெச்சுக்கிட்டேன்."

அமெரிக்காவுக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலது சீட்டில் ஒருவர் உட்கார்ந்து எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையும் எனக்கு வந்தது. ஒருமுறை பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். நான் எட்டிப் பார்த்து, "போலாம்ணா" என்றேன். அவர் போகவில்லை. "ரோடு காலிணா, போலாம்" என்றேன். அப்போதும் போகவில்லை. அடுத்த மூச்சில் வளைவிலிருந்து ஒரு தோல் லாரி எங்களை உரசுகிற மாதிரி எதிரே போயிற்று. 

"ஏன்ணா போகல?"

"உன் குரல்ல பயமே இல்ல. பயம் இல்லாம சொல்ற வார்த்தைய நம்பி நான் எப்படிப் போறது?"

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

பெரியவளே, அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. சின்னவன் தொட்டிலில் இருந்தான். சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், பெங்களூரிலிருந்து இரண்டு நண்பர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார். எந்த வண்டி உசத்தி என்று பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று திட்டம். வியாழக்கிழமை பார்த்தால் ஆஸ்திரேலியாவுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்து கழற்றினார். பிரேக் சிலிண்டருக்குள் கிண்ணம் மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும். அது ஊறிப் பிய்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பதினைந்து நாளாகும் என்றார்.

டிரைவர் மூன்று நாள் லீவில் விரிஞ்சிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

டேனரியின் தண்ணீர்ப் பம்புகளுக்குத் தோல் வாஷர் வெட்டுவது நான்தான். தோலை ஊறவைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, மெழுகு ஏற்றிக் கொடுப்பேன். வருஷக்கணக்கில் உழைக்கும். நம் ஊரில் பிறந்தவனுக்குத் தோலால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. "தோல்ல வெட்டிக் குடுக்கட்டுமா சார்?" என்று சின்ன முதலாளியைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டினார். அதுவரை அவர் என் முகத்தைக்கூட நேராகப் பார்த்ததில்லை.

வெட்டிக் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மெக்கானிக் அதைப் போட்டு மூடிவிட்டு, கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "ஷெட்டுக்குள்ள நகத்தறதுக்கு மட்டுந்தான் இது. சூடானா பிரேக் எண்ணெயில தோல் இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது. ரோட்டுக்கு எடுக்க வேணாம்னு சார்கிட்ட சொல்லிடு."

நான் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லப் போனேன். அவர் யாரிடமோ போனில், "நம்ம ஆளு ஒருத்தன் தோல்லயே பார்ட்ஸ் பண்ணிட்டான்டா, சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் ஷெட்டுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள், பிரேக் நன்றாகப் பிடித்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, வரவழைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை டிரைவர் வந்தார். அமெரிக்காவில் உட்கார்ந்து ஜெபம் சொல்லி முடித்தார். பிறகு இறங்கி, "சார், அதையும் ஒரு தடவ மிதிச்சுப் பாத்துடறேன்" என்றார்.

சின்ன முதலாளி ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் ஏறியிருந்தார், நண்பர்கள் இரண்டு பேரும் பக்கத்திலும் பின்னாலும். "டிரைவர், உன் ஜெபம் முடியறதுக்குள்ள நாங்க பெங்களூரே போய்ச் சேந்துடுவோம். நீ அமெரிக்காவுல மெள்ள வா, கட்டுச்சோறு கட்டிக்க" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள். வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. டிரைவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்து வலது சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பைபாஸில் வேலூர்ப் பக்கமாகப் போனோம். மஞ்சள் வண்டி முன்னால், நாங்கள் பின்னால். அது லாரிகளைப் பூ கோர்க்கிற மாதிரி தாண்டிப் போனது. அதன் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எரிந்து, வேகம் குறைந்து, அணைந்தால் ஒரு மூச்சு விடுவேன். மறுபடி எரியும். நம் அமெரிக்காவின் முள் எழுபதைத் தாண்டவில்லை. ஆனாலும் எனக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"தம்பி, உன் காலுக்கு இன்னா ஆச்சு?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்லணா."

"அந்தப் பக்கம் பிரேக் இல்ல. நீ மிதிச்சுக்கினே வர்ற."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் வண்டித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது.

"நம்ம வண்டி வேகத்துக்கு மிதிச்சா அது பயம், எனக்குப் புரியும். அவரு வெளக்கு எரியும்போதுதான் நீ மிதிக்கிற." ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்: "அந்த வண்டில இன்னா பண்ணி வெச்சிருக்க?"

சொன்னேன். தோல் கிண்ணம், மெக்கானிக் சொன்னது, நான் சொல்லாதது எல்லாம். அவர் திட்டவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பில் ஊறின தோல் மாதிரி வெளுத்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தளர்ந்து ஓரமாகப் போய் நின்றது.

"இன்னாணா நிறுத்திட்டீங்க? விரட்டுங்கணா, போய்ச் சொல்லலாம்" என்று கத்தினேன்.

"விரட்டினா போட்டின்னு நெனச்சு இன்னும் ஓடுவாரு. பின்னாடி ஆள் இல்லேன்னா யாருகூட ஓடுவாரு? கண்ணாடில காணலேன்னா தானா கம்மி பண்ணுவாரு. போன் போடு."

போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். ரிங் போய் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜெபத்தை ஆரம்பித்தார். கால் பெடலில் இல்லை, அது வெறும் ஜெபம். தினமும் கேட்டு எனக்கும் மனப்பாடம். நானும் கூடச் சொன்னேன். எதிரே சர்வீஸ் ரோட்டில் வெள்ளைப் புடவை கட்டிய பெண்கள் பிள்ளைகளோடு சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாதனூர் கூட்ரோட்டில் இந்நேரம் இதே மாதிரி ஆட்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றியதும் நான் ஜெபத்தை விட்டுவிட்டு மறுபடி போனை அழுத்தினேன். அவர் மட்டும் சொல்லிக்கொண்டே போனார். முடித்தார், மறுபடி ஆரம்பித்தார். நாலாவது முறையில் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா டிரைவர், அமெரிக்கா படுத்துடுச்சா? கண்ணாடில காணோம்." நண்பர் போனைப் பிடித்திருக்க, சின்ன முதலாளி ஓட்டிக்கொண்டே பேசுகிறார். காற்றுச் சத்தத்தோடு சிரிப்பும் கேட்டது.

"ஆமா சார், படுத்துடுச்சு. நாங்க தோத்துட்டோம்." குரலை உயர்த்தாமல் சொன்னார் டிரைவர். "சார், நான் சொல்றத மட்டும் கேளுங்க. பிரேக்கை நம்பாதீங்க. ஆக்சிலேட்டர விட்டுடுங்க. லெஃப்ட்ல வாங்க."

"ஏன், இன்னா..." பேச்சு நின்றது. அப்புறம் வந்த குரல் ஒரு சின்னப் பிள்ளையுடையது. "டிரைவர், பெடல் கீழ போவுது. மிதிச்சா உள்ள போவுது டிரைவர்."

"போவட்டும் சார். கால எடுத்துட்டு மறுபடி மறுபடி மிதிங்க, பம்பு அடிக்கிற மாதிரி. இப்போ எந்த கியர்ல இருக்கீங்க?"

"நாலு."

"மூணு போடுங்க. வண்டி உறுமும், உறுமட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். ரெண்டு பேருமா பயந்துக்கலாம். ரெண்டு போடுங்க. இப்போ கை பிரேக்க மெள்ள இழுங்க. மெள்ள."

போனில் ஹாரன் கேட்டது. ஒரு பெண் யாரையோ கூவினாள். சரளைக்கல் இரைந்தது. அப்புறம் சத்தமே இல்லை.  என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒரு நேரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றதுகூட அதில் பாதி.

"நின்னுடுச்சு" என்றது போன்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது ஆஸ்திரேலியா மாதனூருக்குச் சற்று முன்னால் மண் ஓரத்தில் சாய்ந்து நின்றது. அதன் மூக்குக்கு எதிரே ஒரு இளநீர்த் தள்ளுவண்டி. நடுவில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். இளநீர்க்காரம்மா அரிவாளைக் கையில் பிடித்தபடி, வெட்ட எடுத்த காயைக் கீழே போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது. சின்ன முதலாளி ரோட்டோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். நண்பர்களில் ஒருவர் வாந்தி எடுத்திருந்தார்.

டிரைவர் மஞ்சள் வண்டியில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, பிரேக்கை மிதித்து ஜெபத்தை ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. பாதி ஜெபத்தில் பெடல் தரையைத் தொட்டது.

"உனக்கு எப்படித் தெரியும் டிரைவர்?" என்று கேட்டார் சின்ன முதலாளி.

டிரைவர் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. இறங்கி, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு செருப்பைத் தேடுகிற மாதிரி நெடுநேரம் குனிந்தே இருந்தார். அந்த இடைவெளி எனக்கானது என்று புரிந்தது.

"நான்தான் சார். மெக்கானிக் ரோட்டுக்கு எடுக்க வேணாம்னு சொன்னாரு. நான் உங்ககிட்ட சொல்லல" என்றேன்.

அறைந்தார். அது சரிதான். சீட் வேலையிலிருந்து என்னை எடுத்துச் தோலில் முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போட்டார்கள், ஒரு வருஷம். பெரியவளே, அந்த வருஷம் என் உள்ளங்கை வெந்து தோல் உரிந்து கிடந்ததும், உனக்குச் சோறு பிசைந்து ஊட்ட முடியாமல் போனதும் உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏம்ப்பா கை இப்படி?" என்று கேட்டாய். வேலை அப்படி என்று சொன்னேன். வேலையால் வந்ததில்லை அது. நான் சொல்லாமல் விட்டதால் வந்தது.

தொட்டிப் பக்கம் டிரைவர் தினமும் ஒருமுறை வருவார், கொஞ்சம் எட்டியே நிற்பார். தொட்டியில் விழுந்துவிடுவோம் என்று பயம். ஒருநாள் நானே கேட்டேன்: "இப்போ சொல்லுங்கணா, எது நல்ல வண்டி?"

"ஆஸ்திரேலியாதான்" என்றார். "நான் அதத்தான் ஊமையின்னு திட்டிக்கினு இருந்தேன். ஆனா கியரக் கொறச்சதும் சொன்ன பேச்சு கேட்டுச்சு பாரு. அமெரிக்காவுல கியர் தானா மாத்திக்கும். கொம்ப ஆட்டுது, யோக்கியம்னு நெனச்சேன். நீ அந்தத் தோலை அமெரிக்காவுக்குப் போட்டிருந்தா, அவ்ளோ சுளுவா அது கேட்டிருக்காது. நாம ரெண்டு பேருந்தான் உள்ள இருந்திருப்போம்." சொல்லிவிட்டுத் தொட்டியிலிருந்து இன்னும் ஓரடி தள்ளி நின்றார்.  

கொஞ்ச நாளில் முதலாளி இரண்டு வண்டியையும் விற்றுவிட்டார். ஏற்றிப்போகப் பெரிய லாரி வந்தது. இரண்டையும் மேலே ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டியாயிற்று. ஏணி என்றாலே பயப்படுகிற அந்த மனுஷன், பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். அமெரிக்காவில் உட்கார்ந்து மிதித்து ஒரு ஜெபம். ஆஸ்திரேலியாவில் புது ரப்பர் போட்டிருந்தது, அதிலும் மிதித்து ஒரு ஜெபம். லாரிக்காரர், "பெருசு, ரெண்டும் கட்டிக் கெடக்குது, எங்கயும் ஓடாது. இறங்கு, நேரமாவுது" என்றார்.

டிரைவர் இறங்கி வந்து லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதுங்க ஓடாது. நீதான ஓடப்போற? உன்னுத ஒரு தடவ மிதிச்சுப் புடிப்பா. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும்" என்றார். லாரிக்காரர் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, ஏறி மிதித்தார். ஆமென் வரைக்கும் பிடித்திருந்தார்.

அதற்கப்புறம் டிரைவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது உயிரோடு இல்லை.

பெரியவளே, நாளைக் காலை நீ ஸ்கூட்டரை எடுக்கும்போது நான் கதவருகே நிற்பேன். உனக்குத் தெரிந்த பாட்டோ, வாய்ப்பாடோ, எதையாவது சொல்லு. ஆனால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லு. தெருவில் யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உனக்குப் பயமாக இருந்தால் வாய்விட்டு என்னிடம் சொல்லு.

நான் முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.